கற்றதைக் காக்கும் உறக்கம்

நுழையும்முன்

இரவெல்லாம் விழித்துப் படிப்பதே உழைப்பின் அடையாளம் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. அவ்வாறு படித்தது தேர்வறையில் நினைவுக்கு வாராமற்போவது ஏன்? உறக்கத்தின் இயல்பையும் அதனைப் பேணும் வழிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

துயில், உறக்கம், துஞ்சல், கண்படை, கண்வளர்தல் எனத் தமிழில் உறக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல. குழந்தையை உறங்கவைக்கத் தாலாட்டையும் மன்னனை எழுப்பத் துயிலெடை நிலையையும் கண்ட மொழி நம் மொழி. வள்ளுவரோ மடியின்மை அதிகாரத்தில், கெடுவார் விரும்பி ஏறும் கலங்களுள் ஒன்றாகத் துயிலையும் வைத்தார். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு அதனைச் சேர்த்து எண்ணியதால், அவர் கடிந்தது அளவிறந்த துயிலையே எனக் கொள்ளலாம். உடலுக்கு வேண்டிய உறக்கம் அதனின் வேறானது.

உறங்கும்போது உழைக்கும் மூளை

உடல் ஓய்ந்திருக்கும்போதும் மூளை ஓய்வதில்லை. ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் ஏறத்தாழ 90 நிமிடச் சுழற்சியாக இரவில் மாறிமாறி வருகின்றன. மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலையை, 1953ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர் உலகுக்கு அறிவித்தனர்.

பகலில் கற்றவை முதலில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் துணையால் பதிவாகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் அப்பதிவுகள் மீண்டும் இயக்கப்பட்டுப் பெருமூளையின் புறணியில் நிலைபெறுகின்றன. உறக்கத்தைத் துறந்து படிப்பவர், நாற்றை நட்டுவிட்டு நீர் பாய்ச்ச மறந்த உழவரை ஒப்பர்.

பதின்பருவமும் உறக்கமும்

இருள் சூழ்கையில் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரந்து, உறங்கும் நேரத்தை உடலுக்கு உணர்த்துகிறது. பதின்பருவத்தில் இச்சுரப்பு காலம் தாழ்ந்தே தொடங்குகிறது. ஆதலால், இரவு வெகுநேரம் உறக்கம் வாராமை எப்போதும் பிடிவாதம் அன்று. வளர்ச்சியின் இயல்பாகவும் இருக்கலாம். எனினும், காலை வகுப்புகள் அதற்காகக் காத்திருப்பதில்லை.

13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை என மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். நள்ளிரவு 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுபவர், நாள்தோறும் 3 மணிநேரமேனும் கடன்படுகிறார். ஆறு நாளில் அது 18 மணிநேரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை உறங்கினும் அக்கடன் முற்றும் தீராது. அன்றிரவு உறக்கம் மேலும் தள்ளிப்போகும்.

கெடுப்பனவும் காப்பனவும்

விழித்திருக்குந்தோறும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் பெருகி உறக்கத்தைத் தூண்டுகிறது. காப்பி, தேநீரில் உள்ள காஃபின் அதன் செயலைத் தடுக்கிறது. பருகிச் சில மணிநேரம் கழிந்த பின்னும் அதன் ஒரு பகுதி உடலில் எஞ்சியிருப்பதால், மாலைக்குப்பின் இவற்றைத் தவிர்த்தல் நன்று. கைப்பேசித் திரையின் ஒளி மெலடோனின் சுரப்பைத் தாழ்த்தும். அதில் காணும் செய்திகளோ மனத்தை அலைக்கழிக்கும். படுப்பதற்கு ஒரு மணிநேரம் முன்பே அதனை வேற்றறையில் வைத்துவிடலாம்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவதும் காலை வெயிலில் சிறிது நடப்பதும் உடற்கடிகாரத்தைச் சீராக்கும். படுத்து நெடுநேரமாகியும் உறக்கம் வாராதாயின், புரண்டு வருந்தாமல் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியான செயல் ஒன்றில் ஈடுபட்டுப் பின்னர்ப் படுக்கலாம். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வந்தாலோ மருத்துவரை நாடுதல் வேண்டும். உறக்க மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்ணுதல் தீது.

தேர்வுக்கு முந்தைய இரவில் புத்தகத்தை மூடுவது படிப்பை நிறுத்துவதாகாது. படித்ததை மூளையிடம் ஒப்படைப்பதாகும்.

தெரிந்து தெளிவோம்

பழ ஈக்களை ஆராய்ந்து உடற்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

கற்பவை கற்றபின்

ஒரு வாரத்திற்கு நீங்கள் உறங்கிய, எழுந்த நேரங்களைக் குறித்து, உங்கள் உறக்கக் கடனைக் கணக்கிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.