சத்தம் எப்போது வருகிறது?

அன்புள்ள கயல்,

வண்டியின் பின்பக்கம் டொக் டொக் என்று ஏதோ தட்டுகிறது, வேகமாகப் போனால் ஊம்ம் என்று ஒரு இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது, ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு மாற்றாதே, கண்ணு. ஷாக் போயிருக்கலாம், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ எழுதியிருப்பது இரண்டு சத்தம். தேய்ந்த ஷாக் தட்டும், தானாக இரையாது. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று யார் சொன்னாலும், வண்டியை ஓட்டிப் பார்த்தீர்களா என்று முதலில் கேள்.

உன் கடிதத்தில் பின்பக்கம், பின்பக்கம் என்று பலமுறை வருகிறது. அதையும் சந்தேகப்படு. சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை நம் காதுகள் நன்றாகச் சொல்லும், ஏனென்றால் ஒரு காதுக்கு ஒரு கணம் முன்னதாக வந்து சேரும். முன்னாலா பின்னாலா என்பதில் அவை சுலபமாக ஏமாறும். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது இன்னும் மோசம். தவிர, உன் ஸ்விஃப்ட்டுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது; தகடுகளைப் பற்றவைத்த ஒரே கூடுதான் உடம்பு முழுவதும். காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் சத்தம் இரும்பில் சுமார் 5,000 மீட்டர் போகும். முன்சக்கரத்தில் எழுந்த தட்டல் தகடு வழியே ஓடி உன் சீட்டுக்கு அடியிலோ பின் கதவிலோ கேட்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். ஆகவே எங்கே என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளு. எப்போது வருகிறது என்று கவனி. எஞ்சினோடு வருகிறதா, சக்கரத்தோடு வருகிறதா, ரோட்டோடு வருகிறதா, உன் கால் பிரேக்கை மிதிக்கும்போது வருகிறதா? இந்த விஷயத்தில் காது பொய் சொல்லாது.

முதல் வேலையாக டிக்கியை முழுதாகக் காலி செய். கார்பெட்டைத் தூக்கு. ஜாக்கி அதன் இடத்தில் இறுகி நிற்கிறதா, வீல் ஸ்பேனர் பையை விட்டு வெளியே கிடக்கிறதா, ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார். பழைய வண்டி வாங்கினால் முந்தைய சொந்தக்காரர் ஸ்டெப்னியை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது அந்தத் திருகைப் பாதியில் விட்டிருப்பார். அது போடும் டொக் டொக், ஷாக் போன சத்தத்தை அப்படியே உரித்து வைத்ததுபோல இருக்கும். டிக்கிக்கு மேலே இருக்கும் பார்சல் டிரேயைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடு. பின்சீட்டின் சாய்மானத்தை ஓங்கித் தள்ளி லாக் விழுந்திருக்கிறதா பார். பின்சீட்டு பெல்ட்டின் இரும்பு நாக்கு பக்கத்துப் பிளாஸ்டிக்கில் தட்டாதபடி பெல்ட்டை மாட்டிவிடு. டிக்கிக் கதவை மூடிய பிறகு அதன் கீழ் விளிம்பை உள்ளங்கையால் அமுக்கு. உள்ளே நகர்ந்தால் லாக் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் அரை மணி நேர வேலை. செலவு ஒன்றுமில்லை.

அடுத்து வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்லக் கூட்டு. நிற்கிற வண்டியில் சத்தம் வந்தால் சக்கரம், பேரிங், ஷாக் எல்லாமே வழக்கிலிருந்து விடுதலை. அடுத்து சந்தேகிக்க வேண்டியது சைலன்சரை. அதைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் வளையங்கள் வெடித்துப் போயிருக்கும், அல்லது சூடு மேலே ஏறாமல் தடுக்கும் மெல்லிய தகடு துருப்பிடித்துத் திருகைவிட்டு நழுவியிருக்கும். எஞ்சினின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சிலுசிலு என்று நடுங்கிவிட்டு, அதைத் தாண்டியதும் அடங்கிவிடும். வண்டி நன்றாக ஆறிய பிறகு சைலன்சரைக் கையால் ஆட்டினால் தெரிந்துவிடும். சூட்டோடு தொடாதே.

இனி ரோட்டுக்கு வா. உன் 165/80 ஆர்14 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். அப்படியானால் 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்று சுற்று, 40-இல் ஆறு சுற்று. சத்தம் அந்தக் கணக்கில் சீராக விழுந்தால், சக்கரத்தில் ஒரு இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் எதையோ தொடுகிறது. டயரின் பள்ளத்தில் மாட்டிய ஜல்லிக் கல்லாக இருக்கலாம், ஆணியாக இருக்கலாம், வீல் கப்பாக இருக்கலாம். அந்தக் கணக்கு இல்லாமல், பள்ளம் வரும்போது மட்டும் தட்டினால் அது சஸ்பென்ஷன். சின்னச் சின்ன மேடுகளில் மெதுவாகப் போகும்போது டொக் டொக் என்று தட்டி, பெரிய வேகத்தடையில் சத்தமே இல்லையென்றால், ஷாக்கைவிட அதன் தலையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஷாக்கே போயிருந்தால் அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கும். வண்டியின் பின்மூலையை அமுக்கி விட்டால் ஒருமுறை எழுந்து அமராமல் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாமல் ஷாக் மாற்றக் காசு கொடுக்காதே.

இரைச்சலுக்கு வருகிறேன். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் 60-க்குக் கொண்டுபோய், சில நொடிகளுக்கு மட்டும் நியூட்ரலுக்கு மாற்று. சாவியை அணைத்துவிடாதே; அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். எஞ்சின் தணிந்தும் இரைச்சல் தணியவில்லையென்றால் அது சக்கரத்தின் சத்தம். சக்கரத்தில் டயரா, பேரிங்கா? தார் ரோட்டிலிருந்து பாலத்தின் சிமெண்ட் தளத்துக்கு ஏறும்போது கேள். குரல் மாறினால் டயர். எந்தத் தளத்திலும் ஒரே குரல் என்றால் பேரிங். நீளமான வலது வளைவில் வண்டியின் பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடப்பக்கத்துப் பேரிங்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. சமதரையில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வை, முதல் கியரில் போடு, ஹேண்ட் பிரேக்கை விடு. பின்சக்கரத்தைப் பிடிப்பதே ஹேண்ட் பிரேக்தான், அதை விடாமல் சக்கரம் சுற்றாது. ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு ஒன்றைக் கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டாதே. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு இடது கையின் விரல்களைச் சுருள் ஸ்பிரிங் மேல் லேசாக வைத்து, வலது கையால் சக்கரத்தைச் சுழற்று. நல்ல பேரிங் என்றால் விரலில் ஒன்றும் தெரியாது. கெட்டதென்றால் காதுக்குக் கேட்பதற்கு முன்பே ஸ்பிரிங் வழியாக நறநறவென்று ஒரு நடுக்கம் விரல் நுனிக்கு வரும். மறுபக்கத்தையும் அப்படியே பார்த்து ஒப்பிடு. டயரையும் அப்போதே உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிவிடு. ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் பல்பல்லாகத் தட்டுப்பட்டால் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. இங்கேதான் உன் இரண்டு சத்தமும் ஒன்று சேரலாம்: பிடிமானம் இழந்த ஷாக், டயரைத் துள்ளவிட்டு இப்படித் தேய்க்கும். அப்படியிருந்தால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் ஷாக்கை மாற்றினாலும் அந்தத் தேய்ந்த டயர் இரைந்துகொண்டேதான் இருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்.

பின்னால் டிஃப்ரன்ஷியல் போயிருக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. உன் சித்தப்பாவின் பொலேரோவுக்கு அது பொருந்தும். அதில் எஞ்சினின் சக்தி நீளத் தண்டு வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. உன் வண்டியை இழுப்பது முன்சக்கரம். பின்னால் சும்மா உருளுகிற இரண்டு சக்கரம் மட்டும்தான்.

பிரேக்கைப் பற்றியும் ஒன்று: மழையில் நின்ற வண்டி காலையில் முதல் சில பிரேக்குக்கு உரசினால் டிரம்மில் படிந்த துரு, தானாகப் போய்விடும். நாள் முழுக்க உரசினால் டிரம்மைக் கழற்றி பிரேக் ஷூவைப் பார்க்கச் சொல். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதே, பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல். சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் விர்ர் என்று ஒரு நொடி கேட்பது பெட்ரோல் பம்ப். அது கேட்க வேண்டிய சத்தம்.

ஒன்று மட்டும் அவசரம். அண்மையில் பஞ்சர் பார்த்தோ டயர் மாற்றியோ இருந்து, அதற்குப் பிறகுதான் தட்டல் தொடங்கியது என்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் வீல் நட்டுகளை ஸ்பேனரால் இறுக்கிப் பார். தளர்ந்த நட்டோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது, பின்னால் சத்தம் வருகிறது, பாருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதே. எந்த வேகம், எந்த ரோடு, பிரேக்கா ஆக்சிலரேட்டரா, வளைவா நேரா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. மெக்கானிக்கை உன் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் அதே ரோட்டில் நீயே ஓட்டிக் காட்டு. கூட வர மறுக்கும் இடத்தில் வண்டியை விடாதே. வருகிறவர் கெட்டிக்காரர் என்றால் உன் தாளை வாங்கிப் படித்துவிட்டு மேலும் இரண்டு கேள்வி கேட்பார்.

டிக்கியைக் காலி செய்யும்போது ஸ்டெப்னியின் காற்றையும் பார்த்துவிடு. பாலத்தில் ஏறும்போது இரைச்சல் மாறியதா இல்லையா என்பதை மட்டும் மறக்காமல் எழுது. மற்றதை அதை வைத்து நான் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா