செல்லாமற்போன சட்டம்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு சிறு சொல் ஒன்று சேர்ந்து புதுப்பொருள் தருவதுண்டு. 'ஸ்ட்ரைக்' என்பது அடித்தல். 'டவுன்' என்பது கீழே. ஆனால், நீதிமன்றச் செய்திகளில் வரும் 'ஸ்ட்ரைக் டவுன்' என்பதற்கு, அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என நீதிமன்றம் அறிவித்தல் என்பது பொருள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தியை இணையத்தில் அனுப்புவோரையும் தண்டிக்க இடமளித்தது. அது பேச்சுரிமைக்கு முரணானது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவைச் செல்லாது என அறிவித்தது.

எழுதியதன்மேல் கோடிட்டு நீக்குவதைத் தமிழிலும் 'அடித்தல்' என்பர். 'அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக' என்பது மாணவர் அறிந்த தொடரே. ஆயினும், நீதிமன்றம் சட்டநூலின் சொற்களை அழிப்பதில்லை. அவற்றின் வலிமையையே நீக்குகிறது. நாடாளுமன்றம் தான் இயற்றிய சட்டத்தைத் தானே நீக்குவது 'ரிப்பீல்' எனப்படும். கீழ்நீதிமன்றத் தீர்ப்பை மேல்நீதிமன்றம் நீக்குவது 'செட் அசைடு' ஆகும்.

2015க்குப் பின்னரும் 66ஏ பிரிவின்கீழ் வழக்குகள் பதிவாயின. ஆகவே, அப்பிரிவின்கீழ் எவர்மீதும் வழக்கு நடத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2022இல் மீண்டும் ஆணையிட்டது. செல்லாத சட்டம் எது என்பதை அறிந்திருத்தல் குடிமக்களுக்குக் காப்பாகும்.

சொற்பொருள்
முரண் – மாறுபாடு
காப்பு – பாதுகாவல்

பயிற்சி
1. 'ஸ்ட்ரைக் டவுன்', 'ரிப்பீல்' ஆகியவற்றின் வேறுபாட்டை எழுதுக.
2. 'அடித்தல்' என்னும் சொல்லை இரு பொருளில் அமைத்துத் தொடர்கள் எழுதுக.