9ஆம் தேதி ஏறினால் 11ஆம் தேதி

பெங்களூர் அல்சூரில் ஒரு தாய். அவர் மகள் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரில் வேலை பார்க்கிறாள். ஜனவரி மாதம் ஊருக்கு வருவதாகத் தொலைபேசியில் சொன்னாள்.

"9ஆம் தேதி ராத்திரி எட்டரைக்கு விமானம் ஏறுகிறேன் அம்மா. 11ஆம் தேதி விடியற்காலை 3 மணிக்கு வந்துவிடுவேன்."

தாய்க்குக் கவலை வந்துவிட்டது. இரண்டு நாளா விமானத்திலேயே உட்கார்ந்திருப்பாள்? பக்கத்து வீட்டுப் பெண் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இரண்டு நாள் இல்லை, பெரியம்மா. கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றாள்.

நாமும் கணக்குப் போடுவோம்.

பூமி ஓர் உருண்டை. அது சுழல்கிறது. நமக்குப் பகலாக இருக்கும்போது அங்கே இரவு. ஜனவரியில் அவர்களுடைய கடிகாரம் நம் கடிகாரத்தைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே 9ஆம் தேதி இரவு எட்டரை மணி என்றால், இங்கே 10ஆம் தேதி காலை 10 மணி. காலை 10 மணியிலிருந்து மறுநாள் விடியற்காலை 3 மணி வரை எண்ணுங்கள். 17 மணி நேரம்தான்.

இப்படி ஒரு பயணம் உண்மையாகவே நடந்தது. 2021 ஜனவரி 9ஆம் தேதி இரவு ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியது. வழியில் எங்கும் இறங்கவில்லை. 11ஆம் தேதி விடியற்காலை பெங்களூர் வந்தது. ஓட்டிய விமானிகள் எல்லாரும் பெண்கள். தலைமை விமானி ஜோயா அகர்வால்.

இரு நகரங்களுக்கும் இடையே தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அதைப்போல 40 மடங்கு!

அந்த விமானம் வட துருவத்தின் வழியாக வந்தது. ஏன் அவ்வளவு உயரே போக வேண்டும்? ஒரு சாத்துக்குடியை எடுங்கள். காம்புக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு புள்ளி வையுங்கள். நூலைப் பழத்தின் இடுப்பைச் சுற்றி வைத்து அளந்து பாருங்கள். பிறகு காம்பின் மேலாக வைத்து அளந்து பாருங்கள். மேலே போகும் வழிதான் குறைவு. ஆனால் துருவத்தின் அருகே காந்த ஊசி சரியாகத் திசை காட்டாது. குளிரில் எரிபொருள் உறைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவர்களே அந்த வழியில் ஓட்டலாம்.

தாய்க்கு இப்போது வேறு யோசனை. விமான நிலையம் தேவனஹள்ளியில். நகரிலிருந்து வெகு தூரம். விடியற்காலை 3 மணிக்கு வருபவளை அழைக்க, 10ஆம் தேதி இரவே கிளம்ப வேண்டும். 11ஆம் தேதி இரவு என்று வண்டிக்காரரிடம் சொன்னால், மகள் பகல் முழுவதும் அங்கே காத்துக் கிடப்பாள்!

நீங்களும் ஒரு கணக்குப் போடுங்கள். ஜனவரி மாதம். பெங்களூரில் பகல் 12 மணி. மகளோடு பேச வேண்டும். அங்கே அப்போது மணி என்ன? அவள் தூங்கியிருப்பாளா?