எந்த ஊர்த் தமிழ் இனிது?

தமிழ்நாட்டில் வாழும் வரையில், ஒருவன் தன் ஊர்த் தமிழே தமிழ் என்று கருதிக் காலம் கழித்துவிடலாம். அடுத்த வீட்டாரும், கடைக்காரரும், ஆசிரியரும் ஏறத்தாழ அதே தமிழைத்தான் பேசுகிறார்கள். தில்லிக்கு வந்து நம் மன்றத்தின் கூட்டம் ஒன்றில் அமர்ந்த பிறகே, தமிழ் எத்தனை குரல்களை உடையது என்பது விளங்குகிறது. கோவை மாணவர் "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்கிறார். திருநெல்வேலி மாணவர் "ஏலே, எங்கல போற?" என்கிறார். மதுரைக்காரர் "எல்லாரும் வந்துட்டாய்ங்கண்ணே" என்று நீட்டுகிறார். வடசென்னை நண்பர் மேசையை "இஸ்துகினு" வருகிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த மாணவி "என்ன கதைக்கிறியள்?" என்று கேட்கிறார். கரோல்பாக்கிலேயே பிறந்து வளர்ந்தவரோ பாதித் தமிழும் பாதி இந்தியுமாக இடையில் புகுகிறார். இத்தனையும் ஒரே கூடத்தில், ஒரே மாலையில்!

கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், எவருடைய தமிழ் இனிது என்ற பேச்சு தவறாமல் எழும். தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றே. கோவைத் தமிழ் தேன்; நெல்லைத் தமிழ் இசை; மதுரைத் தமிழ் வீரம்; சென்னைத் தமிழ் மட்டும் காதுக்கு ஆகாது. விளையாட்டுப் பேச்சுத்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அதன் விளைவு விளையாட்டாக இல்லை. முதலாண்டு மாணவர் ஒருவர், சென்னையின் வடபகுதியைச் சேர்ந்தவர், நம் பேச்சுப் போட்டியில் ஏறினார். நல்ல பொருள், நல்ல குரல். 'வாழ்க்கை' என்ற சொல்லை அவர் தம் வழக்கப்படி ஒலித்தபோது பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அன்று முதல் அவர் மன்றத்துக்கு வருகிறார், நாற்காலி அடுக்குகிறார், ஒலிபெருக்கியைப் பூட்டுகிறார், மேடையில் மட்டும் ஏறுவதில்லை. காரணம் கேட்டால், "நம்ம தமிழ் சரியில்ல, விடுங்க" என்கிறார். அந்தச் சிரிப்புக்கு உரிய காரணம் அவருடைய ஒலியில் இருந்ததா, நம் செவியில் இருந்ததா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியில் ஆங்கிலேயர் நமக்கு நெடுங்காலம் முன்னே சென்றிருக்கிறார்கள். உச்சரிப்பைக் கொண்டு ஆளை எடைபோடும் பழக்கம் அவர்களிடம் அத்தனை ஆழமாக வேரூன்றியிருந்தது. 1941-ஆம் ஆண்டில், போர்க்காலத்தில், பி.பி.சி. நிறுவனம் வில்பிரட் பிக்கிள்ஸ் என்ற யார்க்‌ஷயர்க்காரரைச் செய்தி வாசிக்க அமர்த்தியது. செய்தி என்றால் இலண்டன் மேட்டுக்குடியின் குரலில்தான் வரவேண்டும் என்று பழகிய காதுகளுக்கு அது பொறுக்கவில்லை. பத்திரிகைகளில் பெரிய ஆரவாரம் எழுந்தது. வாசித்த செய்தி அதே செய்திதான்! பின்னர், 2005-இல் பி.பி.சி. சார்பில் ஏறத்தாழ ஐயாயிரம் மக்களிடம் 34 வகை உச்சரிப்புகளைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஸ்காட்லாந்து, தென் அயர்லாந்து உச்சரிப்புகளை மக்கள் விரும்பினார்கள். கீழ்ப்படியில் நின்றது பர்மிங்ஹாம் நகரத்து ஆங்கிலம். தொழிற்சாலைகளும் உழைப்பாளர் குடியிருப்புகளும் நிறைந்த நகரம் அது என்பதை நினைவிற் கொள்க.

"அந்த ஒலியே அழகற்றது, அதனால்தான் மக்கள் வெறுக்கிறார்கள்" என்று ஒருவர் வாதிக்கலாம். இதற்கு விடை 1974-இல் கிடைத்தது. ஹவர்ட் ஜைல்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும், கிரேக்க மொழி அறவே அறியாத பிரிட்டிஷ் மாணவர்களுக்கு இருவகைக் கிரேக்கப் பேச்சைக் கேட்பித்தார்கள். ஒன்று ஏதன்ஸ் நகரத்தது. மற்றது கிரீட் தீவினது. கிரேக்கர்களைக் கேட்டால் ஏதன்ஸ் பேச்சே உயர்ந்தது என்பார்கள். அந்த மாணவர்களுக்கோ இரண்டிலும் ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. எது தலைநகரத்தார் பேச்சு, எது தீவார் பேச்சு என்று அறியாத காதுக்கு, எது இனிது என்பதும் தெரியவில்லை.

இதனினும் வியப்பானது நியூயார்க் கதை. ஆங்கிலச் சொல்லின் இறுதியிலும் இடையிலும் வரும் ரகரத்தை விழுங்கிப் பேசுவது இங்கிலாந்தில் உயர்குடி வழக்கு. அதை அழுத்திச் சொல்வது நாட்டுப்புற வழக்கு. நியூயார்க்கில் இது தலைகீழ். 1962-இல் வில்லியம் லபாவ் என்பவர் அந்நகரின் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குச் சென்றார். ஒன்று செல்வருக்கு உரியது, ஒன்று நடுத்தரத்தாருக்கு, ஒன்று எளியோருக்கு. நான்காம் மாடியில் விற்கும் பொருள் ஒன்றைக் கேட்டு, விற்பனையாளரின் வாயிலிருந்து 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற விடையை வரவழைத்தார். செல்வர் கடையில் ரகரம் மிகுதியாக ஒலித்தது. எளியோர் கடையில் மிகவும் குறைந்தது. ஓர் ஒலி, கடல் இந்தப் பக்கம் நாகரிகம், அந்தப் பக்கம் நாகரிகக் குறைவு. ஒலியிலேயே அழகு உறைந்திருந்தால் இவ்வாறு நிகழுமா?

நமக்கு அருகில் இதற்குச் சான்று தேடினால், தில்லியே போதும். சென்னைத் தமிழை இழிவாகக் கருதுவோர் எடுத்துக்காட்டும் சொற்களைப் பாருங்கள்: நாஷ்டா, பேஜார், கலீஜ், கஸ்மாலம். 'நாஷ்டா' என்பது தில்லியின் எந்த மதிப்புள்ள வீட்டிலும் காலை எட்டு மணிக்கு ஒலிக்கும் சொல். 'பேஜார்' பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்தது. சலிப்புற்ற நெஞ்சைப் பாடும் கஜல்களில் அதற்குத் தனி இடம் உண்டு. தில்லியில் முஷாயிராவில் அச்சொல் வந்தால் அவை "வாஹ்" என்கிறது. சென்னையில் ரிக்‌ஷா நிறுத்தத்தில் வந்தால் நாம் மூக்கைச் சுளிக்கிறோம். 'கலீஜ்' என்பதும் உருதுச் சொல்லே. 'கஸ்மாலம்' வடமொழியிலிருந்து வந்தது. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், அருச்சுனனைப் பற்றிய சோர்வைக் குறிக்கக் கண்ணன் ஆளும் சொல் அது! துறைமுக நகரம் ஒன்றில் தெலுங்கரும், உருது பேசுவோரும், ஆங்கிலேயரும், தமிழரும் தோளோடு தோள் இடித்து வாழ்ந்ததால் விளைந்த தமிழ் அது. சொற்களின் குலம் உயர்ந்ததாகவே இருந்திருக்கிறது. பேசியவர் ஏழையர் என்பதே அச்சொற்கள் செய்த பிழை.

ஆனால் எல்லாவற்றையும் செல்வம், வறுமை என்ற ஒரே கோலால் அளந்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கொங்குத் தமிழை எல்லாரும் விரும்புவதற்கு வேறொரு காரணம் உண்டு. அங்கே சொல்லுக்குச் சொல் 'ங்க' என்ற மரியாதை விகுதி ஒட்டிக்கொண்டு வருகிறது. "ஆமாங்க", "இல்லீங்க", "வரேனுங்க". கேட்பவனுக்குக் கிடைப்பது இனிய ஓசை மட்டும் அன்று, மதிப்பு. நம்மை மதிப்பவருடைய குரல் நமக்கு இனிக்காமல் என்ன செய்யும்? இதற்கு மறுபுறம், நெல்லையின் 'ஏலே'. அவ்வூரில் அது உயிர்த் தோழனை அழைக்கும் சொல். உரிமை இல்லாத இடத்தில் வாய்க்கு வராது. அதையே தஞ்சை மாணவர் முதன்முதலாகக் கேட்டால், தம்மை ஏசியதாக எண்ணி முகம் சிவக்கிறார். விடுதியில் இதனால் மூண்ட ஒரு சண்டையை அண்ணன்மார் இருவர் தலையிட்டு விலக்க நேர்ந்தது. அங்கே மோதியவை ஓசைகள் அல்ல, மரியாதை முறைகள். ஆகவே ஒரு பேச்சு நம்மை உறுத்தும்போது, ஒலி உறுத்துகிறதா, நம்மை அவர் விளித்த முறை உறுத்துகிறதா என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

என் அறை நண்பர் அரியானாக்காரர். நாங்கள் பேசும் தமிழ் வகைகளுக்குள் எந்த வேறுபாடும் அவருக்குத் தெரிவதில்லை. எல்லாம் ஒரே ஓட்டமாகக் கேட்கிறதாம். 1968-இல் வந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் பேசிக் காட்டிய 'மதராசி' உச்சரிப்பே நம் எல்லாருக்கும் பொது என்று தில்லி நினைக்கிறது. நெல்லையும் சென்னையும் கோவையும் அங்கே ஒரே கேலிக்கு ஆளாகின்றன. ஆனால் அந்த நண்பருக்கும் தம் துயர் உண்டு. லக்னோ நகரத்து இந்தி இனிது, அரியானா இந்தி முரடு என்று அவருடைய வகுப்பில் சொல்கிறார்களாம். எனக்கோ இரண்டும் இந்திதான். என் செவிக்கு முரடும் தெரியவில்லை, மென்மையும் தெரியவில்லை. கிரேக்கம் கேட்ட மாணவர்களின் நிலை எங்கள் அறையிலேயே நாள்தோறும் நிகழ்கிறது.

இனி, இந்தத் தீர்ப்புகளை நமக்குக் கற்பித்தவர் யார்? பெரும்பங்கு திரைப்படத்துக்கு உரியது. ரிக்‌ஷாக்காரன் பேசுவது சென்னைத் தமிழ். அரிவாள் தூக்குபவன் பேசுவது மதுரைத் தமிழ். வெள்ளந்தியான சிரிப்புக்குக் கொங்குத் தமிழ். 2000-இல் வந்த 'தெனாலி'யில் யாழ்ப்பாணத் தமிழ் நகைச்சுவைக்குப் பயன்பட்டது. விந்தை என்னவெனில், அதற்குச் சில பத்தாண்டுகள் முன்னர்தான் நம் தாய்தந்தையர் இலங்கை வானொலியைச் சுற்றி அமர்ந்து, மயில்வாகனம், அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்களின் குரலைக் கேட்டு, 'தமிழ் என்றால் இதுவன்றோ!' என்று மகிழ்ந்திருந்தார்கள். கடல் கடந்து வந்த தமிழ், அறிவிப்பாளர் வாயில் வந்தால் மதிப்பு; அகதியாக வந்தவர் வாயில் வந்தால் நகைப்பு. அகில இந்திய வானொலியின் கதையும் சுவையானது. 2022-இல் மறைந்த சரோஜ் நாராயணசாமி அவர்கள் தில்லியிலிருந்து வாசித்த செய்தியைத் தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் எல்லாம் கேட்டன. எந்த மாவட்டத்துக்கும் உரியதல்லாத அந்தத் தமிழே 'பொதுத் தமிழ்' என்று மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

தில்லித் தமிழருக்குள்ளும் படிகள் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டா. கரோல்பாக்கில் அரசு அலுவலர் வீடுகளில் வளர்ந்த தமிழ் ஒன்று. ஜங்புராவின் மதராசி முகாமில், விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களிடையே வளர்ந்த தமிழ் மற்றொன்று. அந்த முகாம் 2025 சூன் மாதம் இடிக்கப்பட்டது. பல குடும்பங்கள் நரேலாவுக்குப் போயின. இவ்விரு தமிழும் பெரும்பாலும் சந்தித்த இடம் வீட்டு வேலை நடக்கும் சமையற்கட்டு. அங்கே எது 'நல்ல தமிழ்' என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

தாழ்த்தப்பட்டவரே தம்மைத் தாழ்வாக எண்ணுவது இதன் கொடிய பகுதி. 1960-இல் மான்ட்ரியல் நகரில் வாலஸ் லாம்பெர்ட் ஒரு சோதனை செய்தார். இருமொழியும் வல்லார் சிலரை ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசிக்கச் செய்து, குரல்களை மட்டும் கேட்பித்து, பேசுபவரின் குணத்தை மதிப்பிடச் சொன்னார். இரண்டும் ஒருவர் குரலே என்பது கேட்டவர்க்குத் தெரியாது. பிரெஞ்சு பேசும் மாணவர்களே, ஆங்கிலத்தில் வந்த குரலுக்கு அறிவும் தகுதியும் மிகுதி என்று கூறினார்கள்! "நம்ம தமிழ் சரியில்ல" என்ற நம் நண்பரின் சொல்லை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ழகரத்தின் பெயரால் சிலர் என்னை மறுப்பர். மேடையில் ழகரம் திருந்த ஒலிப்பதை நானும் விரும்புகிறேன். 'பழம்' 'பயம்' ஆனால் பொருளே மாறிவிடும். ஆனால் தென்மாவட்டத்தார் பலர் 'பளம்' என்கிறார்களே, அவர்களும் ழகரத்தை இழந்தவர்கள்தாமே? நான் பார்த்த வரையில் 'பளம்' என்றவருக்கு ஒரு மதிப்பெண் குறைகிறது. 'பயம்' என்றவருக்குச் சிரிப்பு கிடைக்கிறது. நடுவர்கள் ழகரத்தையே அளப்பதானால் இருவருக்கும் ஒரே அளவு குறைக்கட்டும். வரும் ஆண்டுப் போட்டியின் மதிப்பெண் தாளில் 'உச்சரிப்பு' என்ற கட்டத்தை நீக்கி, 'தெளிவு' என்று மாற்றலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.

செந்தமிழ் என்பது எந்த நிலத்தது என்ற வழக்கு நம்மோடு தொடங்கியதன்று. வையை ஆற்றின் வடக்கும், மருத யாற்றின் தெற்கும், கருவூரின் கிழக்கும், மருவூரின் மேற்குமே செந்தமிழ் நிலம் என்று பழைய உரையாசிரியர்கள் எல்லை வகுத்தார்கள். பாண்டிநாடே அது என்று சொன்னவரும் உண்டு. ஆயினும் தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகவே வைத்தார். இழிசொல் என்று ஒதுக்கவில்லை. அதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர் என்பது. சென்ற மாதம் நாகர்கோவில் நண்பர் தொலைபேசியில் பேசுகையில் 'தள்ளை' என்ற சொல் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் நகைத்தார்கள். நூலகத்தில் சேனாவரையர் உரை இருக்கிறது. எச்சவியலில் அந்தப் பக்கத்தைப் புரட்டி அவர்கள் முன் வைத்தேன்.