டொமைன் வாங்க, காக்க, விற்க

டொமைனை யாரும் நிரந்தரமாகச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. குத்தகைதான். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குப் பதிவு செய்யலாம்; பிறகு புதுப்பித்துக்கொண்டே போகவேண்டும்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது ரெஜிஸ்ட்ரி: டாட் காமுக்கு வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்ஸி. நமக்கு விற்பது கோடாடி, நேம்சீப் போன்ற ரெஜிஸ்ட்ரார். பெயர் யார் வசமோ அவர் ரெஜிஸ்ட்ரன்ட். அந்த இடத்தில் உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருக்கட்டும். வெப்சைட் செய்து தருபவர் தன் பெயரில் பதிந்துவிட்டு, பின்னால் சண்டை வந்தால் கைவிரிக்கலாம். பணம் கொடுத்த ரசீது மட்டும் போதாது.

வாங்கும்போது முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும் கட்டணத்தைப் பாருங்கள். மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லிக் கடிதம் வந்தால் 15 நாளுக்குள் முடித்துவிடுங்கள். விட்டால் டொமைன் முடங்கலாம். பிரைவசி வசதி, டொமைன் யாருடையது என்று பார்க்கும் பொதுத் தேடலில் உங்கள் முகவரியை மறைக்கும். வெப்சைட் இருக்கும் இடமான ஹோஸ்டிங் தனிச் சரக்கு. டொமைனை அதோடு இணைப்பது நேம்சர்வர்.

காலாவதிதான் பலரும் கோட்டைவிடும் இடம். டாட் காம் கெடு முடிந்ததும் பெயர் உடனே பறிபோகாது. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை கிரேஸ் பீரியட் கிடைக்கலாம். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள், இடையிலேயே ஏலத்துக்கு விடும் ரெஜிஸ்ட்ரார்களும் உண்டு. அடுத்த 30 நாள் ரிடெம்ப்ஷன்: மீட்கலாம், கட்டணம் பல மடங்கு. அதற்குப் பிறகு 5 நாள் பெண்டிங் டெலீட். அப்போது யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. அது முடிந்து பெயர் விழும் நொடியில் பிடிக்க டிராப் கேட்சிங் நிறுவனங்கள் காத்திருக்கும். ஆட்டோ ரின்யூவலைப் போட்டு, கார்டு காலாவதி ஆகவில்லையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது, வாங்குபவருக்கும் அதே ரெஜிஸ்ட்ராரில் கணக்கு இருந்தால் பெயரை நேரே அவர் கணக்குக்கு நகர்த்தலாம்; இது புஷ். பெரும்பாலும் அன்றே முடியும். வேறு ரெஜிஸ்ட்ரார் என்றால் டிரான்ஸ்பர். மாற்றத்தைத் தடுக்கும் லாக்கை எடுத்து, ஆத் கோடு வாங்கித் தரவேண்டும். டாட் காமைப் புதிதாகப் பதிந்து 60 நாள் ஆகியிராவிட்டால் பொதுவாக மாற்ற விடமாட்டார்கள். கோடு என்பது சாவி. வாங்குபவர் பணத்தை எஸ்க்ரோவில், அதாவது நடுவில் பணத்தை வைத்திருக்கும் சேவையில், போட்ட பிறகே அதைக் கொடுங்கள். வாங்குபவர் தன் கணக்கில் பெயர் வந்ததைப் பார்த்து ஒப்புக்கொண்டதும் எஸ்க்ரோ பணத்தை விடுவிக்கும். வாங்கியவர் நேம்சர்வரை மாற்றி, லாக்கை மறுபடி போடவேண்டும்.