வலிப்புக்காரர்களுக்கு ஒரு குழு ஆரம்பிக்கலாமா?

கேள்வி: சுங்குவார்சத்திரத்தில் மகளிர் விடுதியில் தங்கி, பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என் அறைத் தோழிக்குப் போன மாதம் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் ஃபிட்ஸ் வந்துவிட்டது. யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அழுகிறாள். விசாரித்தால் விடுதியிலேயே இன்னும் இரண்டு பேர் மறைத்து மறைத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் 100 ரூபாய் போட்டு இவர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பிக்க நினைக்கிறோம். இப்படி அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றனவா? நாங்கள் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில் (நரம்பியல் மருத்துவர்): தாராளமாக ஆரம்பியுங்கள். பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதை மட்டும் முதலில் பேசிக்கொள்ளுங்கள். பல ஊர்களில் நல்ல மனது உள்ளவர்கள் சேர்ந்து ஒரு நாள் முகாம் போட்டு, ஒரு மாத மாத்திரை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டாவது மாதம் மாத்திரை தீர்ந்ததும் வலிப்பு திரும்ப வருகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாகவும் வரலாம். அப்படிப்பட்ட முகாம் நடக்காமல் இருப்பதே மேல்.

இந்தியாவில் இதற்கென்று உள்ள பழைய அமைப்பு 1970இல் தொடங்கிய இந்திய வலிப்பு நோய்ச் சங்கம். அதில் முன்னின்று உழைத்தவர் பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி. கர்நாடகத்தின் யெலந்தூர் பகுதிக் கிராமங்களில் அவரும் குழுவினரும் பினோபார்பிட்டால், பினிட்டாயின் என்ற இரண்டு பழைய, மலிவான மருந்துகளை மட்டும் விடாமல் கொடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி இல்லாத இடத்திலும் பலருக்கு வலிப்பு கட்டுக்குள் வந்ததை 2001இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஒழுங்காகச் சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

அந்தச் சங்கம் போராடிய இன்னொரு விஷயம் கல்யாணம். 1976 திருத்தத்தின்படி, திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர்கள் இந்துத் திருமணச் சட்டப்படி திருமணத்துக்கே தகுதியற்றவர்கள். 1999இல்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள். உங்கள் விடுதிப் பெண்களின் பெற்றோர் பலருக்கு இது இன்னும் தெரிந்திருக்காது. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண் மாமியார் வீட்டில் மாத்திரையை எடுக்கப் பயந்து, நிறுத்தி, பிறகு அவசரப் பிரிவுக்கு வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கர்ப்பம் ஆகும் வயதில் சோடியம் வால்ப்ரோயேட் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால், கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பயந்துபோய்த் தானாக நிறுத்தவும் கூடாது.

வேலைக்கு வருவோம். இங்கிலாந்தில் 1892இல் வலிப்பு நோயாளிகளுக்காகத் தொடங்கிய சங்கம், முதலில் அவர்களுக்கு வேலை தேடித் தருவதையே குறிக்கோளாக வைத்தது. இரண்டு வருடத்தில் சால்ஃபான்டில் தனிக் குடியிருப்பே போட்டார்கள். தனியே ஒதுக்கி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வேலையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது சரி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிரச்சினையே ஷிஃப்ட்தான். தூக்கம் கெட்டாலும் மாத்திரை ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வர வாய்ப்பு அதிகம். உங்கள் தோழிக்கு நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஒரு தாளோடு பகல் ஷிஃப்ட் கேட்கலாம். கட்டுக்குள் வரும்வரை பிரஸ் மெஷின், உயரத்தில் வேலை, ஃபோர்க்லிஃப்ட் வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதைக் கேட்கவே வாய் வராது. உங்கள் குழுவிலிருந்து ஒருவர் உடன் போய் உட்கார்ந்தாலே பேச்சு மாறும்.

மாத்திரை வாங்க ஒரு நாள் லீவு போட்டால் சம்பளமும் போகும், அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். அதனால்தான் பலர் நிறுத்துகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மாத்திரைகள் இலவசம். இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களுக்கு டிஸ்பென்சரியும் உண்டு. நோயாளிக்குப் பதில் குழுவில் ஒருவர் நோட்டை எடுத்துப்போய் வாங்க மருத்துவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். உங்கள் 100 ரூபாய் பஸ் காசுக்கும், சப்ளை தாமதமாகும் வாரத்தில் சீட்டில் உள்ள அதே மாத்திரையை வெளியில் வாங்கவும் போகட்டும். ஒருத்தியின் மாத்திரையை இன்னொருத்திக்குக் கொடுக்காதீர்கள்.

சாவிக்கொத்து விஷயம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவி அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் ஸ்பூன், துணி எதுவும் வைக்காதீர்கள். தலைக்கு அடியில் துப்பட்டாவை மடித்து வைத்து, உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு வரும்வரை தண்ணீர் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108. இதை வார்டனுக்கும் பஸ் டிரைவருக்கும் சொல்லிக்கொடுப்பதே உங்கள் குழுவின் முதல் வேலையாக இருக்கலாம்.

சங்கப் பதிவுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 7 பேர் போதும். அவசரம் இல்லை. ஆறு மாதம் செய்துபார்த்துவிட்டுப் பதியுங்கள். முதலில் தோழியை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. தரமணியில் 1958இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கிய தொண்டு மருத்துவமனையான வி.எச்.எஸ். இருக்கிறது. அவளுக்கு என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. பார்த்தது நீங்கள்தான், அதனால் நீங்களும் போங்கள். கண் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது என்று சொன்னால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. மறுபடி வந்தால், அவள் முன்கூட்டியே சம்மதித்திருந்தால், ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். அதை மருத்துவருக்கு மட்டும் காட்டுங்கள், விடுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.