டிராக்டரை மாற்றுமுன் ஒரு தேய்மானக் கணக்கு

சின்ன காஞ்சிபுரத்தில் தறியோடு நிலமும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஓரிக்கை, செவிலிமேடு பக்கத்தில் நெல் பயிரிட்டு, சொந்தமாக டிராக்டரும் வாங்கியவர்களுக்கு ஆறேழு ஆண்டுகள் கழிந்ததும் ஒரு யோசனை வருகிறது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கலாமா? விற்பனையாளர் போடும் கணக்கு எளிது. புது வண்டியின் விலையில் பழையதன் விலையைக் கழித்து, மீதிக்குத் தவணை கட்டினால் போதும் என்பார். உண்மையான செலவு அந்தத் தவணைச் சீட்டில் தெரிவதில்லை.

எந்த வண்டியும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு குறைகிறது. இதையே தேய்மானம் என்கிறோம். பழைய பட்டுச் சேலை கிழிந்தாலும் அசல் ஜரிகையில் உள்ள வெள்ளிக்கு விலை கிடைக்கும். வண்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடைசியில் மிஞ்சுவது இரும்பு விலைதான். 1970-களில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்போது பழைய வண்டிக்கும் நல்ல கிராக்கி இருந்தது. 'வண்டி வாங்கினால் நஷ்டமில்லை' என்று பெரியவர்கள் சொல்வது அந்த நாளைய அனுபவம். இன்று அது பொருந்தாது.

வேளாண் பொறியியல் பாடங்களில் கையாளும் முறை இது. டிராக்டரின் ஆயுள் 10 ஆண்டு, ஆண்டுக்கு 1,000 மணி வேலை, முடிவில் மிஞ்சும் மதிப்பு வாங்கிய விலையில் 10 சதவீதம் என்று கொள்வார்கள். விலை ரூ. 8 லட்சம் என்றால் கடைசியில் மிஞ்சுவது ரூ. 80,000. இடைப்பட்ட ரூ. 7,20,000-ஐ 10 ஆல் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் ரூ. 72,000. போட்ட முதலுக்கு வட்டியும் சேர்க்க வேண்டும். சராசரி முதல் ரூ. 4,40,000, அதற்கு 10 சதவீத வட்டி ரூ. 44,000. இரண்டும் சேர்ந்து ரூ. 1,16,000. ஆயிரம் மணி நேரம் ஓடினால் மணிக்கு ரூ. 116 விழும்.

ஆனால் இந்தப் பகுதியில் ஆயிரம் மணி வேலை எங்கே இருக்கிறது? சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களிலும் உழவு நெருக்கடி சில வாரங்களே. மற்ற நாட்களில் வண்டி கொட்டகையில் நிற்கிறது. சொந்த நிலத்துக்கும் அக்கம்பக்கத்துக் கூலி உழவுக்குமாக 300 மணியே ஓடியது என்றால், அதே ரூ. 1,16,000 மணிக்கு ரூ. 387 ஆகிவிடும். டீசல், ஆயில், டிரைவர் கூலி எல்லாம் இதற்கு மேல். மணிக்கணக்கு குறைவாக உள்ளவர், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டரை 'உழவன்' செயலியில் பதிவு செய்து உழுவதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மேலே சொன்னது சமமாகப் பிரித்த கணக்கு. சந்தையில் மதிப்பு அப்படி இறங்குவதில்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில்தான் அதிகம் விழுகிறது. காருக்கும் இதே கதைதான். இன்சூரன்சில் வண்டியின் மதிப்பைக் குறிக்கும் அட்டவணை, ஆறு மாதம் தாண்டி ஓராண்டுக்குள் 15 சதவீதமும், நான்கு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் கழிக்கிறது. ஆகவே அடிக்கடி மாற்றுபவர், செங்குத்தாக இறங்கும் அந்த ஆண்டுகளையே மீண்டும் மீண்டும் விலைக்கு வாங்குகிறார்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஏழு வயது டிராக்டர், வெளியில் விற்றால் ரூ. 3,50,000 பெறும். இன்ஜின் வேலைக்கு ரூ. 70,000 ஆகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். இந்தச் செலவைக் கேட்டதும்தான் பலருக்கு மாற்றும் எண்ணமே வருகிறது. வைத்துக்கொண்டால் அடுத்த ஓராண்டில் மதிப்பில் ரூ. 50,000 குறையும்; முடங்கிய முதலுக்கு வட்டி ரூ. 35,000, ரிப்பேரும் சேர்த்து மொத்தம் ரூ. 1,55,000.

மாற்றினால்? புது வண்டி ரூ. 7,50,000. பழையதை விற்பனையாளர் ரூ. 3,00,000-க்கு எடுத்துக்கொள்கிறார், அதிலேயே ரூ. 50,000 போயிற்று. முதல் ஆண்டில் புது வண்டியின் மதிப்பு ரூ. 1,20,000 இறங்கும். வட்டி, கடனாக இருந்தாலும் கைப்பணமாக இருந்தாலும், ரூ. 75,000. பதிவு, இன்சூரன்ஸ், கடன் பத்திரச் செலவு ரூ. 25,000, சர்வீஸ் ரூ. 10,000. ஆக ரூ. 2,80,000. முதல் ஆண்டில் மட்டும் ரூ. 1,25,000 கூடுதல். பழைய வண்டிக்கு ரிப்பேர் ரூ. 1,95,000 வரை போனால்தான் இரண்டும் சமம். தொகைகள் அவரவர் வண்டிக்கேற்ப மாறும்; போடும் முறை இதுவே. இதுவரை பழைய வண்டிக்குச் செய்த செலவை இதில் சேர்க்கக் கூடாது. அது எப்படியும் திரும்பி வராது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏரியில் தண்ணீர் வந்து, உழவு மும்முரத்தில் வண்டி பத்து நாள் படுத்துவிட்டால், கூலி உழவு வேறு ஆளிடம் போகும், நாற்றும் முற்றும். ஆண்டுதோறும் இப்படி நேர்ந்தாலும், உதிரி பாகம் கிடைக்காமற் போனாலும் மாற்றுவதே சரி. அந்த நஷ்டத்தையும் ரூபாயாக்கி ரிப்பேர் கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும். 'வண்டி பழசாகத் தெரிகிறது' என்பது மட்டும் காரணமாகாது.

வரி மாற்றமும் இதில் விளையாடும். 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு ரூ. 8,00,000 விற்ற வண்டி, அடிப்படை விலை மாறாவிட்டால், ரூ. 7,50,000 ஆகும். புதியதன் விலை இறங்கும்போது பழையதற்குக் கேட்கும் விலையும் கூடவே இறங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே நாளில் டிராக்டர் டயர், டியூப் மீதான வரியும் 18-லிருந்து 5 ஆயிற்று. பழைய வண்டியை வைத்திருப்பவருக்கும் அதனால் செலவு குறைகிறது.

மாற்றுவது என்று முடிவானால், பழைய வண்டியை வெளியிலும் விலை கேட்டுப் பார்க்க வேண்டும். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் 29, 30-ஆம் எண் படிவங்களுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுப்பது அவசியம். வங்கிக் கடன் தீர்ந்திருந்தால் 35-ஆம் படிவத்தில் அதையும் நீக்கிக்கொள்ளலாம். விற்றவர் பெயரிலேயே பதிவு நின்று, வாங்கியவர் விபத்து ஏற்படுத்தினால், நஷ்டஈட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.